மைனஸ் 129 கோடி குரங்கு

ஏண்டா பேராண்டி, உன் கடையில என்னதான்டா விக்கிறே? நீ காலேஜுக்கு எழுதின சி புரோகிராம் அச்சடிச்ச சரக்குப் பட்டியலை, கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். 'ஐட்டம் ஒன்னு, 10, 100.00. ஐட்டம் ரெண்டு, 20, 200.00. ஐட்டம் மூணு, 30, 300.00.' தாம்பரம் சண்முகம் ரோட்டுல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய், "அண்ணே, ஐட்டம் ரெண்டு அரைக் கிலோ"ன்னு கேட்டுப் பாரு. குடுக்கிறதை வாங்கிக்கிட்டு வா. நான் இங்கேயே திண்ணையில உக்காந்திருக்கேன்.

சரக்கு இருப்பு பத்து, இருபது, முப்பதுன்னு படிக்கட்டு ஏறுற கடையை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு கடை இருந்தா ஆடிட்டர் வெளியில செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே திருட்டுக் கணக்குன்னு சொல்லிடுவார். உங்க வாத்தியார் மட்டும் பத்துக்குப் பத்து போட்டிருக்கார். புண்ணியவான்.

இந்தக் கிழவனுக்கு சி மொழி எப்படித் தெரியும்னு முழிக்காதே. மணிமங்கலத்துல சேத்துல நடந்த காலுதான். ஆனா குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில ஸ்டோர் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஒவ்வொரு அறைப்பெட்டிக்கும் ஒரு பின் கார்டு தொங்கும். பொருள் பேரு, குறியீட்டு எண், வந்தது, போனது, மீதி. அங்கே கம்ப்யூட்டர் வந்தப்போ புரோகிராம் எழுத வந்த பையனுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தே பாதி சி கத்துக்கிட்டேன். மீதிப் பாதியை அவன் பண்ணின தப்புகளைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். அது இன்னும் மலிவு, பஜ்ஜிச் செலவு கூட இல்லை.

அந்த பின் கார்டுதான்டா உன் ஸ்ட்ரக்ட். பேருக்கு ஒரு கட்டம், எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒரு கட்டம். எல்லாம் ஒரே அட்டையில. அட்டைகளை வரிசையா அடுக்கினா ஸ்ட்ரக்ட் அர்ரே. இதுக்கு ஏன் புக்குல நாப்பது பக்கம் எழுதியிருக்கான்னு எனக்குப் புரியலை. ஆனா சாதாரணமா நினைச்சுடாதே. 1972-ல கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை சி-யில எழுதப் பார்த்துட்டு, ஒத்துவரலைன்னு கையை உதறிட்டார். அப்போ சி-யில ஸ்ட்ரக்ட் கிடையாது. டென்னிஸ் ரிச்சி அதைச் சேர்த்த பிறகுதான், 1973 கோடையில, யூனிக்ஸோட உள்கரு சி-க்கு மாறுச்சு. பெல் லேப்ஸ்ல அவ்வளவு பெரிய மனுஷங்களே அட்டை இல்லாம ஸ்டோர் நடத்த முடியாம நின்னிருக்காங்க. நீ அந்த அட்டையை வாங்கி 'ஐட்டம் ஒன்னு'ன்னு எழுதுறே.

நெசமான சரக்கு வேணும்னா தூரம் போக வேண்டாம். இங்கேருந்து வண்டலூர் எவ்வளவு தூரம்? அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855-ல எட்வர்டு பால்ஃபோர் எழும்பூர் மியூசியத்துல சேர்த்து வெச்ச மிருகங்கள்ல ஆரம்பிச்சது. ஊருக்குள்ள இடம் பத்தாம 1985-ல இந்தப் பக்கம் வந்துச்சு. நீ அங்கே ஐஸ்கிரீம் தின்னதோட சரி. அங்கேயும் ஸ்டாக் ரிஜிஸ்டர் உண்டு, தெரியுமா? மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வருஷா வருஷம் கணக்கு கேக்குது. ஏப்ரல் ஒன்னாம் தேதி ஆரம்ப இருப்பு, பிறந்தது, வெளியிலேர்ந்து வந்தது, வெளியே குடுத்தது, செத்தது, மார்ச் 31 அன்னிக்கு இறுதி இருப்பு. என் பின் கார்டுக்கும் அதுக்கும் வித்தியாசம், என் ஸ்டோர்ல போல்ட் குட்டி போடாது. அவ்வளவுதான்.

இன்னொரு சூட்சுமம் பாரு. ஒவ்வொரு பத்தியும் உள்ளுக்குள்ள பிரிஞ்சிருக்கும். ஆண், பெண், பால் தெரியாதது. பாம்புக் குட்டியைத் தூக்கிப் பார்த்து ஆணா பெண்ணான்னு யார் சொல்றது? அதனால மூணு எண்ணிக்கை வெச்ச ஒரு சின்ன ஸ்ட்ரக்ட் பண்ணு. அதை பெரிய ஸ்ட்ரக்ட்டுக்குள்ள ஆறு தடவை வை. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள ஸ்ட்ரக்ட்டுன்னு பாடத்துல படிச்சு, எதுக்குன்னு தெரியாம மனப்பாடம் பண்ணினியே, இதுக்குத்தான்.

இதுல ஒரு பொறி இருக்கு, மாட்டிக்காதே. ஆறாவது பத்தி, இறுதி இருப்பு. அதை நீ கீபோர்டுல அடிச்சு வாங்கினே, போச்சு. முதல் மூணைக் கூட்டி அடுத்த ரெண்டைக் கழிச்சா வர்றது கணக்கிருப்பு. அதை மெஷின் கணக்குப் போடட்டும். கூண்டு கூண்டா நடந்து போய் தலை எண்ணிட்டு வந்தா வர்றது கையிருப்பு. அதை மட்டும் மனுஷன் அடிக்கட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அச்சடி, மூணாவதா வித்தியாசம்னு ஒரு பத்தி போடு. உன் புரோகிராம்ல படிக்க வேண்டிய ஒரே பத்தி அதுதான். மத்ததெல்லாம் அலங்காரம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொன்னவன் படிச்சவனைத் திட்டினான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவன் கண்டிப்பா ஒரு ஸ்டோர் கீப்பர்டா. ஏட்டுல சுரைக்காய் இருக்கு, பெட்டியில இல்லை. வேற என்ன சொல்ல வந்திருப்பான்?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்போ பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் ரோட்டுல ராத்திரி ஒரு முதலை குறுக்கே போச்சே, வீடியோ பார்த்தோமே. நம்ம தெருவே வண்டலூர் பக்கம் கையைக் காட்டுச்சு. உங்க அம்மா மாடிப்படிக்குக் கதவு போடணும்னு நின்னா. இந்தப் பக்கத்து நீர்நிலைகள்ல சதுப்புநில முதலைங்க இருக்கு, அது கூச்ச சுபாவம், சீண்டாம விடுங்கன்னு வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு விளக்கம் குடுத்தார். அந்த மாதிரி ராத்திரியில ஒரு பூங்காவுக்கு வாய்ச்சொல்லா உதவும்? கூண்டு எண்ணிப் பார்த்த கணக்கு கையில இருந்தா தைரியமாப் பேசலாம். 'ஐட்டம் நாலு, 40' அங்கே என்ன உதவி பண்ணும், சொல்லு?

சரி, கிழவன் பேச்சைத் தட்டாம உடனே உக்காந்து எழுதினே. அதுக்கு ஒரு ஷொட்டு. தமிழ்லயே பேர் அடிக்கிறேன்னு சொன்னே, அதுக்கு இன்னொரு ஷொட்டு. பேருக்கு 20 இடம், எண்ணிக்கைக்கு ஒரு இன்ட், தினம் போடுற தீவனத்துக்கு ஒரு ஃப்ளோட். முதல் பேரு, சிங்கவால் குரங்கு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை குரங்கு, வண்டலூர்ல இருக்கு, நல்ல தேர்வு. எண்ணிக்கைக்கு உன் இஷ்டத்துக்கு 12-ன்னு அடிச்சே. திரையில என்ன வந்துச்சு?

முதல் வரி: சிங்கவால். இருப்பு, மைனஸ் 129,71,62,050. தீவனம் 0.00 கிலோ.

ரெண்டாவது வரி: குரங்க, அதுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறிப் பெட்டி. இருப்பு 12, அதுவும் ஒரு வரி கீழே தள்ளி.

நான் சிரிச்சதுல பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சிடுச்சு. மைனஸ் 129 கோடி குரங்கு, தீனிச் செலவு பூஜ்யம்! இவ்வளவு சிக்கனமா எந்த அரசாங்கத்துக்குடா பூங்கா நடத்த வாய்க்கும்? வண்டலூர்ல இப்படின்னு வெளியே போய்ச் சொல்லிடாதே, அவங்க ரிஜிஸ்டர் ஒழுங்கா இருக்கும். இது நம்ம வீட்டுத் திண்ணையில பிறந்த குரங்கு.

சிரிச்சு முடிச்சாச்சு. இப்போ காகிதம் எடு, எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம். பேரை ஸ்கேன்எஃப்ல சதவீதக் குறி எஸ் போட்டு வாங்கினே. அது இடைவெளி கண்டா நின்னுடும். 'சிங்கவால்' மட்டும் உள்ளே வந்துச்சு, 'குரங்கு' வாசல்லயே நிக்குது. அடுத்ததா எண்ணிக்கை வாங்கப் போறே. வாசல்ல நிக்கிறது எழுத்து, எண் இல்லை. ஸ்கேன்எஃப் வாங்காம திரும்பிடுச்சு. தீவனத்துக்கும் அதே கதை. சுத்து முடிஞ்சு ரெண்டாவது மிருகத்தோட பேரைக் கேக்குறப்போதான் 'குரங்கு' உள்ளே நுழைஞ்சு, நான்தான் ரெண்டாவது மிருகம்னு உக்காந்துக்கிச்சு. ஸ்கேன்எஃப் ஒவ்வொரு தடவையும் எத்தனை வாங்கினேன்னு ஒரு எண்ணைத் திருப்பிக் குடுக்குது. பாவம், உன்னை மாதிரி ஆளுங்க யாரும் அதை வாங்கிப் பார்க்கிறதே இல்லை. ஒன்னு வரணும், பூஜ்யம் வந்துச்சுன்னா கத்தணும். அவ்வளவு போதும்.

வாங்கவே இல்லாத எண்ணிக்கைக்கு மைனஸ் 129 கோடி எங்கேருந்து வந்துச்சு? இங்கேதான் சுவாரஸ்யம். நீ கண்ணால பார்க்கிற 'சிங்கவால்' அஞ்சு எழுத்து. யூனிகோட் கணக்குல மேல்விலங்கும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி, மொத்தம் ஒன்பது. யூடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒன்னுக்கு மூணு பைட். ஒன்பது மூணு இருபத்தேழு, கடைசியில முடிவுக்கு ஒரு பூஜ்ய பைட், ஆக 28. நீ ஒதுக்கினது 20. மீதி எட்டு எங்கே போகும்? உன் அட்டையில பேருக்குப் பக்கத்துல நாலு பைட் எண்ணிக்கை, அதுக்கடுத்த நாலு பைட் தீவனம். வாலை நீட்டி ரெண்டு மேலேயும் போட்டுக்கிட்டு உக்காந்துக்கிச்சு. 'வா'வோட காலுல கடைசித் துணுக்கும் 'ல'வும் சேர்ந்து எண்ணிக்கைக் கட்டத்துல விழ, அதை எண்ணா வாசிச்சா மைனஸ் 129 கோடி சொச்சம். 'ல்'லோட புள்ளியும் பூஜ்யமும் தீவனத்துல விழ, அது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன பின்னம், அச்சுல 0.00. உன் லேப்டாப்பும் என் கணக்கும் ஒரு இம்மி பிசகாம ஒத்துப் போகுது பாரு.

அந்த 'குரங்க' இன்னும் அழகு. அது ஏழு குறி, 21 பைட். இருபதைத் தாண்டின ஒரே ஒரு பைட் அடுத்த கட்டத்துல கால் வெச்சிருந்துச்சு. நீ 12-ஐ அடிச்சதும் அதை மிதிச்சு நசுக்கிடுச்சு. கடைசி உகரம் அறுந்து பெட்டியாப் போச்சு. அதோட விட்டுதா? ஆஸ்கி வரிசையில 12-க்கு 'பக்கத்தைத் தள்ளு'ன்னு அர்த்தம். அதான் இருப்பு ஒரு வரி கீழே குதிச்சிருக்கு. நீ வேற எண் அடிச்சிருந்தா இந்த வேடிக்கை அனேகமா நடந்திருக்காது. உனக்கு ராசியான கை.

இதுல ஒன்னு கவனி. மெஷின் உன்னை ஒரு வார்த்தை கேக்கலை. தசமத்துக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் தவறாம, பயபக்தியோட அச்சடிச்சுக் குடுத்துச்சு. கையெழுத்து அழகா இருந்தா கணக்கு சரின்னு நம்புற மேனேஜருங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். பிரிண்ட்எஃப் கையெழுத்துக்கு முன்னாடி அவங்க எல்லாரும் சாஷ்டாங்கம்.

உன்னை வம்புக்கு இழுக்கிறேன்னு கோச்சுக்காதே, ஆரம்பிச்சதை முடிச்சுடுறேன். ஆண்-பெண் குறிக்க ஒரு எழுத்து, எண்ணிக்கைக்கு ஒரு இன்ட், கூண்டு வகைக்கு ஒரு எழுத்துன்னு ஒரு அட்டை பண்ணினா எத்தனை பைட்? ஒன்னும் நாலும் ஒன்னும் ஆறுன்னு சொல்லுவே. சைஸ்ஆஃப் கேட்டுப் பாரு, 12 சொல்லும். நாலு பைட் இன்ட் நாலின் மடங்குலதான் உக்காருவேன்னு அடம் பிடிக்கும், அதனால நடுவுலயும் கடைசியிலயும் கம்பைலர் வெத்து பைட் வெச்சு அடைக்கும். இன்ட்டை முதல்ல வெச்சு ரெண்டு எழுத்தையும் பின்னால சேர்த்து வை, எட்டுல முடிஞ்சிடும். தஞ்சாவூர் பெரிய கோயில் போனோமே, 1010-ல ராஜராஜன் கட்டி முடிச்சது, சுவர் பூரா கல்வெட்டு. நீ செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தே. அதுல பாதி ஸ்டாக் ரிஜிஸ்டர்டா! எந்த நகை, எத்தனை முத்து, என்ன எடைன்னு வரி வரியா வெட்டியிருக்கான். கல் பதிச்ச நகைக்கு எடை போடுறப்போ உள்ளே இருக்கிற அரக்கும் சேர்த்துன்னு வெட்டவெளிச்சமா எழுதி வெச்சிருக்கான். சைஸ்ஆஃப் சொல்றதும் அரக்கோட சேர்ந்த எடைதான். ஃபைல்ல அப்படியே கொட்டினா அந்த அரக்கும் கூடவே போகும்.

அதே கல்வெட்டுல பொன்னை எப்படி எழுதினான்? இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி. ஒரு கழஞ்சுக்கு இருபது மஞ்சாடி, ஒரு மஞ்சாடிக்கு ரெண்டு குன்றி. எடைக்கல்லுக்குக் கூட ஆடவல்லான்னு பேரு வெச்சிருந்தான். புள்ளி வெச்ச எண்ணே கிடையாது. நீ விலைக்கு ஃப்ளோட் போடுறே. ஒரு ஃப்ளோட்டுல 1,31,072 ரூபாய் தாண்டினதும் அடுத்தடுத்து எழுதக்கூடிய ரெண்டு எண்ணுக்கு நடுவுல ஒன்றரை பைசாவுக்கு மேல பள்ளம். பைசாவே அடையாளம் தெரியாது. தாம்பரத்துல ஒரு நடுத்தர மளிகைக்கடை சரக்கு மதிப்பே அதைத் தாண்டிடும். பணத்தைப் பைசாவா, முழு எண்ணா வை. சாதாரண இன்ட்டுல ரெண்டே கால் கோடி ரூபாய் கூட அடங்காது, அதனால பெரிய கடையா இருந்தா லாங் லாங். அச்சடிக்கிறப்போ நூறால வகுத்து ரூபாய், மீதியைப் பைசா. ராஜராஜனோட கணக்கப்பிள்ளைக்குத் தெரிஞ்சது பெல் லேப்ஸ்காரனைக் கேட்டுத்தான் உனக்குத் தெரியணுமா?

தீவனத்துக்கு ஃப்ளோட் பரவாயில்லை. யானை ஒரு கிராம் குறைஞ்சுதுன்னு வழக்குப் போடாது.

டர்போ சி-ங்கிற பழைய கம்பைலரைப் பத்தி மூச்சு விடாதே. அந்த நீலத் திரையை இன்னும் சில லேபுல விடாமக் கட்டிக்கிட்டு அழுறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க ஸ்டோர்ல அதுலதான் எழுதினான் அந்தப் பஜ்ஜிப் பையன். அதுல இன்ட்டுக்கு ரெண்டே பைட், 32,767 வரைக்கும்தான். ஸ்க்ரூ அதுக்கு மேல ஒன்னு வந்தா மைனஸ் 32,768 ஆயிடும். அதைவிட ஒரு கூத்து. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள இருக்கிற ஃப்ளோட்டை ஸ்கேன்எஃப்ல வாங்கினா, 'ஃப்ளோட்டிங் பாயிண்ட் ஃபார்மட்ஸ் நாட் லிங்க்ட்'னு சொல்லிட்டு புரோகிராம் படுத்துடும். டாஸ்ல இருந்த கொஞ்சூண்டு இடத்துல, தசமம் தேவைப்படாதவனுக்கு அந்தச் சுமை வேண்டாம்னு லிங்கர் கழட்டி விட்டுடும். அட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற தசமம் அது கண்ணுக்குத் தெரியாது. எந்த வேலையும் பண்ணாத ஒரு ஃப்ளோட் பாயிண்டரை வெச்சு ஒரு வெத்து ஃபங்ஷன் எழுதிப் போட்டாத்தான் அதுக்கு உறைக்கும். அந்தப் பையன் ரெண்டு நாள் சாப்பிடலை. பஜ்ஜி கூட.

குரோம்பேட்டை எம்ஐடி-யை 1949-ல ராஜம் ஆரம்பிச்சார். கலாமும் அங்கேதான் படிச்சார், எழுத்தாளர் சுஜாதாவும் அங்கேதான். நீயும் அதே குரோம்பேட்டை வழியாத்தான் தினம் ரயில்ல போறே, ஜன்னல் பக்கம் உக்காந்து ரீல்ஸ் பார்த்துக்கிட்டு. காத்துல ஒட்டிக்கும்னு நானும் எதிர்பார்த்தேன்.

இப்போ எழுந்திரு, திருத்து. பேரை ஸ்கேன்எஃப்ல வாங்காதே, எஃப்கெட்ஸ்ல வாங்கு. அதுக்கு எவ்வளவு இடம் இருக்குன்னு சொல்லிட்டா அதுக்கு மேல கை நீட்டாது. அதோட அண்ணன் கெட்ஸுன்னு ஒருத்தன் இருந்தான், அளவே கேக்காம கொட்டுறவன். 2011 தரநிலையில அவனை வீட்டை விட்டே தள்ளி வெச்சுட்டாங்க. பழைய புக்குல பார்த்துக் காப்பி அடிக்காதே. எண்ணிக்கை வாங்கின பிறகு என்ட்டர் சாவி வாசல்லயே நிக்கும், அதைத் துடைச்சு எறியாம எஃப்கெட்ஸைக் கூப்பிட்டா வெறும் வரியைப் பேருன்னு வாங்கிக்கும். கடைசியில ஒட்டிக்கிட்டு வர்ற என்ட்டரையும் நீதான் உரிக்கணும்.

அச்சடிக்கிறப்போ, தமிழ்ப் பேரை முதல் பத்தியில போடாதே. பிரிண்ட்எஃப்ல இருபது அகலம்னு சொன்னா அது இருபது பைட்டைத்தான் எண்ணும், உன் கண்ணை எண்ணாது. பத்தியெல்லாம் குடிகாரன் நடை நடக்கும். குறியீட்டு எண், ஆரம்ப இருப்பு, பிறப்பு, வரவு, கொடுத்தது, இறப்பு, கணக்கிருப்பு, கையிருப்பு, வித்தியாசம், எல்லாத்தையும் வலது ஓரமா ஒட்டி அடிச்சுட்டு, பேரைக் கடைசிப் பத்தியில போடு. அதுக்குப் பின்னாடி தள்ளிவிட யாரும் இல்லை. வாத்தியார் ஏன்னு கேட்டா எங்க தாத்தா சொன்னார்னு சொல்லாதே, மார்க்கைக் குறைச்சிடுவார். ரிஜிஸ்டர் மரபுன்னு சொல்லு.

பேருக்கு எவ்வளவு இடம் போடப் போறே? ஐம்பதா? கணக்குப் போட்டுட்டே போல, கெட்டிக்காரன். சிங்கவால் குரங்குக்கு இடைவெளியோட 49 பைட், முடிவுக்கு ஒன்னு, ஐம்பதுல வாலோட கச்சிதமா அடங்கிடும். அடுத்த வருஷம் உன் தம்பி வந்து 'குரங்குகள்'னு அடிச்சா 58 ஆச்சே, அந்த 'கள்'ளை எங்கேடா உக்கார வைப்பே?